ஆகஸ்ட் 18, 2017: கோடையின் கடைசி வாரங்களில் ஒரு சுயேச்சை வெளியீடு

'லோகன் லக்கி' படம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்கத் திரையரங்கு வணிகத்தில் கோடை என்பது மே மாத முதல் வெள்ளிக்கிழமை தொடங்கி, செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையோடு முடிகிறது. இந்தப் பதினெட்டு வாரங்களில் பெரிய படங்கள் மே, ஜூன், ஜூலை மாதங்களில் முண்டியடித்துக்கொண்டு வரும். ஆகஸ்டின் பாதிக்குப் பிறகு களம் சட்டென்று காலியாகிவிடும். பெரிய நிறுவனங்கள் தங்களுக்கே நம்பிக்கை குறைந்த படங்களை அந்த வாரங்களில் தள்ளிவிடுவது நெடுநாள் வழக்கம். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' 2014 ஆகஸ்ட் முதல் தேதி வெளியாகி முதல் மூன்று நாட்களில் 9.43 கோடி டாலரும், 'சூசைட் ஸ்குவாட்' 2016 ஆகஸ்ட் 5 அன்று வெளியாகி 13.37 கோடி டாலரும் ஈட்டின. ஆனால் இவை இரண்டும் ஆகஸ்டின் முதல் வாரத்துப் படங்கள், அதாவது ஜூலையின் நீட்சி. மாதத்தின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ வந்து வென்றவை குறைவு. 2015 ஆகஸ்ட் 14 அன்று வந்து 6.02 கோடியில் தொடங்கிய 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' போன்றவை அவற்றில் சில.

2017-ஆம் ஆண்டின் கோடை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. தொடர் படங்கள் பல எதிர்பார்ப்புக்குக் கீழே முடிந்தன. நாட்டின் மிகப் பெரிய திரையரங்குக் குழுமம் ஒன்றின் பங்கு விலை ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. இந்தச் சூழலில்தான், சில ஆண்டுகளுக்கு முன் திரையரங்குப் படங்களிலிருந்து ஓய்வு என்று அறிவித்திருந்த ஓர் இயக்குநர், பெரிய நிறுவனம் எதன் துணையும் இல்லாமல், தாமே வகுத்த விநியோகத் திட்டத்தோடு 'லோகன் லக்கி' என்ற படத்தை நாடு முழுவதும் வெளியிட முன்வந்தார். கார்ப் பந்தய மைதானம் ஒன்றில் நடக்கும் கொள்ளையைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. நட்சத்திரங்கள் மூவர், செலவு சுமார் 2.9 கோடி டாலர். இப்படி ஒரு படம் ஆகஸ்டின் மூன்றாவது வெள்ளியைத் தேர்ந்துகொண்டபோது என்ன நடந்தது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு பணத்தைப் பற்றியது. வெளிநாட்டு உரிமைகளை நாடு வாரியாக முன்கூட்டியே விற்று, அந்தத் தொகையால் தயாரிப்புச் செலவை ஈடுகட்டினார்கள். திரையரங்குக்குப் பிந்தைய உரிமைகளை, இணைய ஒளிபரப்பு உட்பட, விற்றுக் கிடைத்த பணத்தில் அமெரிக்க வெளியீட்டுக்கான விளம்பரம், பிரதிச் செலவுகளைச் செய்தார்கள். இதைப் படிக்கும் தமிழ்த் திரைத்துறையினருக்கு இதில் வியப்பேதும் இருக்காது. ஏரியா ஏரியாவாக விற்று, சாட்டிலைட், டிஜிட்டல் உரிமைகளையும் கொடுத்துவிட்டு, படம் வெளிவரும் முன்பே 'டேபிள் பிராஃபிட்' பார்ப்பது இங்கே பழகிப்போன வழி. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே பெரும்பாலும் அந்த இலாபத்தோடு தயாரிப்பாளரின் அக்கறை முடிந்துவிடுகிறது, வெளியீட்டின் சுமை விநியோகஸ்தர் தலையில் விழுகிறது. அங்கே, உள்நாட்டுத் திரையரங்கு வசூலில் வரும் பங்குத்தொகை இடைத்தரகர் யாருமில்லாமல் படைப்பாளிகளுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற உரிமைகள் விற்கப்பட்டன. நடிகர்கள் குறைந்த ஊதியத்துக்கு நடித்து, இந்த வசூலில் பங்கு பெற ஒப்புக்கொண்டார்கள். எனவே உள்நாட்டு வசூல்தான் இந்தத் திட்டத்தின் உயிர்.

இரண்டாவது முடிவு விளம்பரத்தைப் பற்றியது. பரவலாக வெளியாகும் ஒரு படத்துக்குப் பெரிய நிறுவனங்கள் 4 கோடி டாலர் வரையோ அதற்கு மேலோ செலவிடும் நிலையில், இவர்கள் ஏறத்தாழ அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பணத்தையும் வாரக்கணக்கில் முன்கூட்டியே தொலைக்காட்சியில் கரைக்காமல், வெளியீட்டை ஒட்டிய கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். கடற்கரைப் பெருநகரங்களைவிடத் தெற்கு மாநிலங்களையும் நாட்டின் நடுப்பகுதியையும் குறிவைத்தார்கள். கதை நடக்கும் களமும் கார்ப் பந்தயத்தின் இரசிகர்களும் அங்கேதான் இருந்தார்கள் என்பதால் இந்தத் தேர்வு காகிதத்தில் பொருத்தமாகவே தெரிந்தது.

மூன்றாவது, தேதி. ஜூலையின் நெரிசலில் 2 கோடி டாலர் விளம்பரம் யார் கண்ணிலும் படாது; செப்டம்பர் முடிந்தால் விருதுக்காலப் படங்கள் வரிசை கட்டிவிடும். இடைப்பட்ட ஆகஸ்ட் 18 அன்று நேரடிப் போட்டியாக ஒரே ஒரு பெரிய வெளியீடுதான் இருந்தது. காலியான களத்தில் மூவாயிரம் அரங்குகளைக் கேட்டுப் பெறுவதும் எளிது. அதன்படி 3,031 அரங்குகளில் படம் வெளியானது. முதல் மூன்று நாட்களில் 1.5 கோடி டாலர் வந்தால் இந்தக் கணக்கில் அது வெற்றி என்று இயக்குநரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

இந்த மூன்று முடிவுகளையும் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் இடிக்கிறது. கடைசி நேர விளம்பரம் என்பது ஏற்கெனவே படத்தை அறிந்தவர்களை அரங்குக்கு நகர்த்தும் உத்தி. மூவாயிரம் அரங்குகள் என்பதோ முதல் வெள்ளிக்கிழமையே பெருங்கூட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பு. தொடர் படமும் அல்லாத, நாவலின் பெயரையும் சுமந்துவராத ஒரு புதுக்கதைக்கு அந்த முன்னறிமுகம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை.

வெளியீட்டை ஒட்டிய நாட்கள்

விமர்சனங்கள் மிக நன்றாக இருந்தன. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் பாராட்டினார்கள். ஆனால் அந்த வாரம் படத்தைப் பற்றிய பேச்சைவிட, படத்தில் நடித்த ஒருவர் ஜேம்ஸ் பாண்டாக மீண்டும் நடிக்கப்போகிறாரா என்ற பேச்சே ஓங்கியிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு இந்தப் படத்தை அறிமுகப்படுத்த வந்த அவர், பாண்டாகத் தொடர்வதை அங்கே உறுதி செய்தார். மறுநாள் தலைப்புச் செய்திகள் எல்லாம் அதைப் பற்றியே இருந்தன. குறைந்த விளம்பரப் பணத்தில் இயங்கும் படத்துக்கு நட்சத்திரத்தின் பேட்டி என்பது இலவச விளம்பரம். இங்கே அந்த இலவசத்தை இன்னொரு படம் எடுத்துக்கொண்டது.

பருவத்தைப் பற்றிய ஒரு விவரம் இங்கே முக்கியமானது. அமெரிக்கா முழுவதற்கும் பள்ளி விடுமுறை ஒரே நாளில் முடிவதில்லை. நியூயார்க்கில் தொழிலாளர் தினத்துக்குப் பிறகே பள்ளி திறக்கிறது. ஜார்ஜியா, டென்னசி போன்ற தென் மாநிலங்களின் பெரும்பாலான மாவட்டங்களில் ஆகஸ்டின் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. ஆகவே ஆகஸ்ட் 18 என்பது வடகிழக்குக்குக் கோடை, தெற்குக்கு அது ஏறக்குறைய இலையுதிர்காலம். பதின்வயதினரும் பார்க்கத்தக்க தரச்சான்றோடு வந்த படம், தான் குறிவைத்த பகுதியிலேயே வார நாட்களின் பகல் காட்சிகளை இழந்திருந்தது. நாட்காட்டியில் 'கோடை' என்று எழுதியிருப்பதை நாடு முழுவதற்கும் பொருத்திப் பார்த்ததால் வந்த கோளாறு இது என்பது என் கணிப்பு.

முதல் வார இறுதி

மூன்று நாட்களில் 'லோகன் லக்கி' ஈட்டியது 76 லட்சம் டாலர். இயக்குநர் வெற்றி என்று குறித்த தொகையில் இது பாதிதான். அன்றே வெளியான 'தி ஹிட்மேன்ஸ் பாடிகார்ட்' 2.14 கோடியோடு முதலிடத்திலும், இரண்டாம் வாரத்தில் இருந்த பேய்ப்படமான 'அன்னபெல் கிரியேஷன்' 1.56 கோடியோடு இரண்டாமிடத்திலும் இருக்க, இது மூன்றாமிடம் பெற்றது. ஐந்தாவது வாரத்தில் ஓடிக்கொண்டிருந்த 'டன்கர்க்' இதைவிட ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் மட்டுமே குறைவாக ஈட்டியது என்பது நிலைமையின் அளவைக் காட்டும்.

இந்தத் தொகையை அரங்குக்குப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஓர் அரங்குக்குச் சராசரி 2,500 டாலர். அந்த ஆண்டின் சராசரி டிக்கெட் விலை 9 டாலருக்குச் சற்றுக் குறைவு என்பதால், மூன்று நாட்களில் ஓர் அரங்குக்கு ஏறக்குறைய 280 பேர் வந்திருக்கிறார்கள். நாளுக்கு ஐந்து காட்சிகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு காட்சிக்கு இருபது பேர்கூட இல்லை. களம் காலியாக இருந்ததால் அரங்குகள் கிடைத்தன. அரங்குகள் கிடைத்ததால் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். இருந்த பார்வையாளர்கள் அத்தனை திரைகளிலும் மெல்லிதாகப் பரவிப்போனார்கள். இருபது பேர் சிதறி உட்கார்ந்திருக்கும் அரங்கில் நகைச்சுவைப் படம் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை நம் ஊர் மதியக் காட்சிகளுக்குப் போனவர்கள் அறிவார்கள். முதல் நாள் பார்வையாளர்களிடம் எடுக்கப்படும் வாசல் கருத்துக்கணிப்பில் படத்துக்குக் கிடைத்த மதிப்பீடு 'பி' மட்டுமே. விமர்சகர்களின் பாராட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவான இறக்கம்.

வெளிக்காரணங்கள் சிலவும் குறிப்பிடப்பட்டன. ஞாயிறு இரவுகளில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஏழாம் பருவம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை, ஆகஸ்ட் 21 அன்று, ஓரிகன் முதல் தென் கரோலினா வரை முழுச் சூரிய கிரகணம் தெரிய இருந்ததால் பலர் பயணத்தில் இருந்தார்கள். இவற்றுக்கு ஓரளவு பங்கிருக்கலாம். ஆனால் அதே வார இறுதியில், ஏறக்குறைய அதே அளவு பொருட்செலவில் உருவாகி, விமர்சகர்களில் பாதிப் பேர்கூட ஆதரிக்காத போட்டிப் படம் 3,377 அரங்குகளில் இதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஈட்டியிருக்கும்போது, கிரகணத்தின் மேல் பழிபோடுவது பொருந்தாது. அந்தப் படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்த எவருக்கும் இரு நடிகர்கள் சண்டையும் சச்சரவுமாக ஊர் சுற்றும் கதை என்று ஒரே வரியில் விளங்கிவிட்டது. 'லோகன் லக்கி' என்ற தலைப்பிலிருந்து யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

அடுத்த மூன்று வாரங்கள்

ஆகஸ்ட் 25 முதல் 27 வரையிலான வார இறுதி, 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கத் திரையரங்குகள் கண்ட மிக மோசமான வார இறுதிகளில் ஒன்றாக அமைந்தது. முதலிடத்தில் இருந்த படமே ஒரு கோடி டாலரைச் சற்றுத் தாண்டியது. சனிக்கிழமை இரவு மேவெதர், மெக்கிரெகர் குத்துச்சண்டை கட்டணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வெள்ளிக்கிழமை இரவு டெக்சாஸ் கடற்கரையைத் தாக்கிய ஹார்வி புயல் அடுத்த சில நாட்களில் ஹூஸ்டனை வெள்ளத்தில் ஆழ்த்தியது. தெற்கை நம்பியிருந்த படத்துக்கு இது கூடுதல் அடி.

அடுத்து வந்த தொழிலாளர் தின நீண்ட வார இறுதியில் பெரிய நிறுவனங்கள் ஒரு புதிய படத்தைக்கூடப் பரவலாக வெளியிடவில்லை. கால் நூற்றாண்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 'தி ஹிட்மேன்ஸ் பாடிகார்ட்' மூன்றாவது வாரமாக முதலிடத்திலேயே நின்றது. கோடை முழுவதன் மொத்த வசூல் சுமார் 380 கோடி டாலரில் முடிந்தது. 2006-க்குப் பிறகு அது 400 கோடிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை.

இந்த வெறுமைக்குள்ளும் 'லோகன் லக்கி' அரங்குகளில் தாக்குப்பிடித்தது. 76 லட்சத்தில் தொடங்கிய படம் உள்நாட்டில் மொத்தம் 2.78 கோடி டாலரில் முடிந்தது. அதாவது முதல் வார இறுதியைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். மூன்று மடங்கைத் தொட்டாலே ஒரு படம் நன்றாக நின்றது என்று துறையில் சொல்வார்கள். நல்ல படம் பேசப்பட்டு நின்றது என்று இதற்கு எளிதாக விளக்கம் தரலாம். ஆனால் விமர்சகர்கள் ஒதுக்கிய போட்டிப் படமும் 2.14 கோடியில் தொடங்கி 7.55 கோடியில் முடிந்தது. அதுவும் மூன்றரை மடங்குதான். தரத்தில் இவ்வளவு வேறுபாடு இருப்பதாகக் கருதப்பட்ட இரண்டு படங்களும் ஒரே விகிதத்தில் நின்றிருக்கின்றன என்றால், நிற்க வைத்ததில் படங்களின் பங்கைவிட நாட்காட்டியின் பங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். புதிய படம் வராதபோது பழைய படத்தை அரங்கிலிருந்து எடுக்க யாருக்கும் தேவை எழுவதில்லை. இந்த நிகழ்வில் நான் கண்ட மிகப் பயனுள்ள தரவு இதுதான்: கோடையின் கடைசி வாரங்கள் ஒரு படத்துக்குத் தருவது நீண்ட ஓட்டம், பெரிய தொடக்கம் அல்ல.

செப்டம்பர் 8 அன்று 'இட்' வெளியாகி மூன்று நாட்களில் 12.34 கோடி டாலர் ஈட்டியது. அதற்கு முன் செப்டம்பர் மாதத்தில் எந்தப் படமும் 5 கோடியைக்கூடத் தொட்டதில்லை. பள்ளிகள் திறந்துவிட்டன, கோடை முடிந்துவிட்டது, புளோரிடாவை இர்மா புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் கூட்டம் வந்தது. மக்கள் ஆகஸ்டில் படம் பார்க்க விரும்பவில்லை என்ற பேச்சு அன்றோடு நின்றது.

கணக்கு

அமெரிக்காவில் மொத்த வசூலில் ஏறத்தாழ பாதி படத்தின் பக்கம் வரும். 2.78 கோடியில் அது 1.4 கோடி டாலரைத் தொடாது. அதிலும் விநியோகச் சேவைக்கான கட்டணம் கழியும். தயாரிப்பும் விளம்பரமும் முன்விற்பனையால் ஈடுகட்டப்பட்டிருந்ததால் எவரும் பெரிதாக நட்டமடையும் நிலை வரவில்லை. பெரிய நிறுவனம் ஒன்று வழக்கமான செலவில் இதே வசூலைப் பெற்றிருந்தால் பல கோடி டாலர் பள்ளம் விழுந்திருக்கும். அந்த வகையில் நிதி அமைப்பு தன் வேலையைச் செய்தது. ஆனால் பங்குக்காக ஊதியத்தை விட்டுக்கொடுத்தவர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இத்தகைய ஏற்பாட்டை அடுத்தடுத்த படங்களுக்கும் வேறு இயக்குநர்களுக்கும் நீட்டிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது உதவவும் இல்லை.

மாற்றியிருக்கக் கூடியவை

தேதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சரியாக ஓராண்டு கழித்து, ஏறக்குறைய இதே இடத்தில், 2018 ஆகஸ்ட் 15 அன்று 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' வெளியானது. முதல் வார இறுதியில் 2.65 கோடி, இரண்டாவதில் 2.48 கோடி, இறக்கம் ஆறு விழுக்காடு மட்டுமே. உள்நாட்டு மொத்தம் 17.45 கோடி டாலர். 2011 ஆகஸ்ட் 10 அன்று வந்த 'தி ஹெல்ப்' 2.6 கோடியில் தொடங்கி 17 கோடியை நெருங்கியது. இரண்டும் புகழ்பெற்ற நாவல்களிலிருந்து வந்தவை என்பதால் அவற்றின் வாசகர்கள் முன்பே காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் வெளியீட்டு முறையிலும் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. இரண்டும் புதன்கிழமை வெளியானவை. வெளியீட்டுக்கு முன்பே சிறப்புக் காட்சிகள் பல நடத்தப்பட்டவை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் அரங்குக்கு வரும் முன்பே படத்தைப் பார்த்தவர்களின் பேச்சு ஊருக்குள் போய்விட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

'லோகன் லக்கி'க்கு இந்த முறை இன்னும் கூடுதலாகப் பொருந்தியிருக்கும். தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பணம் குறைவு, படத்துக்கு நல்ல பெயர் உண்டு, தலைப்போ எதையும் சொல்லவில்லை என்ற நிலையில் பார்த்தவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு கருவி இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பந்தய ஊர்களில் கட்டணக் காட்சிகளை நடத்தி, ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு அரங்குகளோடு தொடங்கி, புதுப்படமே இல்லாத தொழிலாளர் தின வார இறுதியில் திரைகளைக் கூட்டியிருக்கலாம். அரங்குக்காரர்கள் படம் கிடைக்காமல் தவித்த வாரம் அது. கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார்கள். விளம்பரப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அந்த வாரத்துக்கு ஒதுக்கியிருக்கலாம். திட்டம் பெரும்பாலும் ஆகஸ்ட் 18-ஐ நோக்கியே குவிந்திருந்ததால், களம் உண்மையிலேயே காலியான நாட்களில் படத்தின் பெயரை மீண்டும் ஒலிக்கச் செய்ய வழியில்லாமல் போனது.

இதற்கு எதிரான வாதம் ஒன்றும் உண்டு. குறைந்த அரங்குகளில் தொடங்கும் படத்தை நாட்டின் நடுப்பகுதிப் பார்வையாளர்கள் 'பெருநகரத்தாருக்கான கலைப்படம்' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதும், நட்சத்திரங்கள் நடித்த நகைச்சுவைப் படத்துக்கு அது ஆகாது என்பதும் அந்த வாதம். இதில் சாரம் இருக்கிறது. ஆயினும் அந்த ஆயிரம் அரங்குகளும் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. தெற்கு நகரங்களான சார்லட்டிலும் நாஷ்வில்லிலும் இருந்திருக்கலாம்.

பின்னர் நடந்தது

அந்த இயக்குநர் இதே விநியோக முறையை இன்னொரு முறை கையாண்டார். அடுத்த படமான 'அன்சேன்' கைப்பேசியிலேயே படமாக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். 2018 மார்ச் 23 அன்று, கோடைக்கு வெகு முன்பே, இரண்டாயிரத்துச் சொச்சம் அரங்குகளில் அது வெளியானது. முதல் மூன்று நாட்களில் 38 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக வந்தது; மொத்தம் 77 லட்சத்தை ஒட்டி நின்றது. விகிதம் இரண்டு மடங்குதான். வாராவாரம் புதுப்படங்கள் வரும் மார்ச்சில், முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் கொடுத்த நீண்ட ஓட்டம் இந்தப் படத்துக்குக் கிடைக்கவில்லை. 2019-இல் அவர் இயக்கிய இரண்டு படங்களும் நெட்ஃபிளிக்ஸ் வழியே வந்தன.